அக்கா கழுத்தை அளந்த வெர்னியர்

இந்த வெர்னியரில் பூஜ்ஜியப் பிழை கிடையாது. அளக்கும் பொருளைக் கவ்விப் பிடிக்கிற இரண்டு தாடைகளையும் சேர்த்து மூடினால் கீழ்க்கோட்டின் பூஜ்ஜியம் மேல்கோட்டின் பூஜ்ஜியத்தோடு மயிரிழை பிசகாமல் நேராக நிற்கிறது. இது என்னிடம் வந்து இருபது வருடம் ஆகப் போகிறது. வருடத்துக்கு ஒரு முறை பெட்டியைத் திறந்து, துடைத்து, நானே சோதித்துப் பார்க்கிறேன். ஒரு தடவையாவது ஒரு கோடு தள்ளி நின்றிருந்தால் எனக்கு எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். பழியை இதன் தலையில் போட்டுவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். இந்தச் சனியன் சரியாகவே இருக்கிறது.

இது அத்தானுடையது. அக்காவின் கணவர். ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் மூத்த இன்ஸ்பெக்டராக இருந்தார். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து, மத்திகிரியில் ஒரு மாடிப் போர்ஷனை வாடகைக்குப் பிடித்து, அக்காவைக் கூட்டி வந்திருந்தார். அவர்களுக்குக் குழந்தை இல்லை. டிப்ளமோ முடித்த கையோடு நானும் அதே கம்பெனியில் அதே பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். அவர்கள் வீட்டிலேயே தங்கினேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள் அவை. காலையில் கம்பெனி வாசல் வரும் வரை அவர் அத்தான், உள்ளே நுழைந்தபின் சார். கம்பெனி வெர்னியர் எத்தனையோ இருந்தும், பெங்களூருக்குப் போய்ச் சொந்தமாக ஒன்று வாங்கி வைத்திருந்தார். அதைப் பார்த்து அக்கா, "எனக்கு வளையல் வாங்கப் போனா மட்டும் பஸ்ஸு கெடைக்காது" என்பாள்.

அக்காவின் குரலைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். பெரிய குரல். எங்கள் மாடிக்கு எதிரே டவுன் பஸ் நிற்கும். நான் படியிறங்கிக்கொண்டிருக்கும்போதே அவள் பால்கனியிலிருந்து, "ஏ அண்ணாச்சி, ஒரு நிமிசம்! எந் தங்கச்சி வாரா!" என்று ஒரு சத்தம் கொடுத்தால் டிரைவர் பிரேக்கைப் போட்டுவிடுவார். கன்னடமும் தெலுங்குமாகப் பேசுகிற அந்தத் தெருவில் அண்ணாச்சி என்ற சொல்லை அவள்தான் கொண்டுவந்து இறக்கினாள். கண்டக்டர் என்னிடம், "உங்க அக்காவை பஸ்ல ஹாரனா வெச்சிக்கலாம்மா" என்று கிண்டல் செய்வார்.

அத்தானுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. அதைவிட முக்கியமாக, எதன் மேலும் நம்பிக்கை இல்லை. ராசிக்கல், வாஸ்து, டானிக், பேப்பரில் வரும் ஆராய்ச்சி எல்லாம் அவருக்கு ஒன்றுதான். ஆனால் சும்மா வாய்ச்சவடால் அடிக்கிறவர் இல்லை, சோதித்துப் பார்ப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காந்தப் படுக்கை விற்கிற ஒருவர் டை கட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தார். கீழே வீட்டுக்கார அம்மாவின் கார் ஷெட்டில் கூட்டம் சேர்ந்தது. காந்தக் காப்பு ஒன்றை ஒருவர் கையில் கொடுத்து, கையை நீட்டச் சொல்லி, அந்தக் கையைக் கீழே அமுக்குவார், கை அசையாது. காப்பை வாங்கிவிட்டு அமுக்குவார். கை தொப்பென்று இறங்கிவிடும். எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். மாதத் தவணையில் நாலு படுக்கை விற்கிற நிலைக்கு வந்துவிட்டது.

அத்தான் இறங்கிப் போனார். ஒரு கைக்குட்டையில் காப்பு, இன்னொரு கைக்குட்டையில் அதே எடையுள்ள இரும்பு நட்டு. மாடியில் உள்ளறையில் நான் முடிந்து, எது எது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். அக்கா எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பாள், அவளுக்குக்கூடத் தெரியாது. கையில் வாங்குகிறவருக்கும் தெரியாது, அமுக்குகிற மனிதருக்கும் தெரியாது. ஒவ்வொரு தடவையும் அமுக்கிப் பார்த்து, உள்ளே இருப்பது காப்பா நட்டா என்று அவர் சொல்ல வேண்டும். இருபது தடவை செய்தோம். அக்கா படியேறி இறங்கி மூச்சு வாங்கினாள், சிரித்தாள். கடைசியில் என் தாளை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தால், அந்த மனிதர் குருட்டாம்போக்கில் சொல்லியிருந்தாலும் அத்தனைதான் சரியாக வந்திருக்கும். படுக்கை ஒன்றுகூட விற்கவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அதை உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தார். அத்தான் அவரை மேலே கூட்டி வந்து காபி கொடுத்து அனுப்பினார்.

"சரியான ஏமாத்துக்காரன்" என்றேன் நான்.

"அவன் பொய் சொல்லலம்மா" என்றார் அத்தான். "அவன் கை சொல்லுது. காப்பு இருக்குன்னு தெரிஞ்சா கை தன்னால லேசா அமுக்கும். இல்லன்னு தெரிஞ்சா ஓங்கி அமுக்கும். கை இப்பிடிப் பண்ணுதது அவனுக்கே தெரியாது. அதான் அமுக்குதவனுக்கு முன்னாலயே எதுவும் தெரியக் கூடாதுங்கது."

எங்கள் சோதனை அறையின் சுவரிலும் இதுதான் எழுதியிருந்தது. ஒருவர் அளந்த உருப்படியை இன்னொருவர் மறுபடி அளக்கும்போது முந்தைய அளவைச் சொல்லாதே, கேட்காதே. சொன்னால் என்ன ஆகும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். இரும்பைக்கூட விரல் அழுத்தத்தில் இரண்டு மூன்று கோடு கூட்டவும் குறைக்கவும் முடியும்.

மருத்துவர்கள் மேல் அவருக்கு இருந்த சந்தேகம் வெறும் பிடிவாதம் அல்ல. அதற்கு முந்தைய வருடம் வயிற்றுவலி என்று போனபோது, ஒரு தனியார் மருத்துவமனையில் சிறுநீரகத்தில் கல், உடனே ஆபரேஷன் என்றார்கள். தேதியும் குறித்துவிட்டார்கள். இவர் ஸ்கேன் படத்தைக் கொண்டுபோய் வேறிடத்தில் காட்டினார். அது இவருடைய படமே இல்லை, வேறு யாரோ ஒருவருடையது. கல்லும் இல்லை, மண்ணும் இல்லை. அதன்பிறகு அவரோடு யார் பேசி ஜெயிக்க முடியும்? அந்தக் கதையை கேன்டீனில் அவர் சொல்லும்போது நானே பெருமையோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

இப்படி ஜெயித்து ஜெயித்து வந்தவர் வீட்டில்தான் அக்காவின் கழுத்தில் அந்தக் கட்டி வந்தது. தாலிச் சங்கிலி ஒரு பக்கம் ஏறி ஏறி நிற்கிறதே என்று தடவிப் பார்த்து அவளே கண்டுபிடித்தாள். கோலிக்குண்டு அளவு இருக்கும். வலி இல்லை. வீட்டுக்கார அம்மா, தளி ரோட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் கழுத்துக்கழலைக்குக் கயிறு மந்திரித்துக் கட்டும் பூசாரி இருப்பதாகச் சொன்னார். "மூணு வெள்ளிக்கெழம போனா போதும்மா, கரைஞ்சி பூடும். எங்க நாத்தனாருக்கு அப்புடித்தான் போச்சு." அக்காவுக்குப் போகலாம் என்றுதான் இருந்தது. "போயிட்டுத்தான் வருவமே, கயிறு என்ன செய்யப் போகுது" என்றாள். அத்தான், உங்கள் நாத்தனாருக்கு வந்தது என்ன கட்டி, கயிறு கட்டாமல் விட்டிருந்தால் கரைந்திருக்காதா, கட்டியும் கரையாதவர்கள் எத்தனை பேர் என்று வரிசையாகக் கேட்டார். அந்த அம்மா படியிறங்கிப் போய்விட்டார். நான் சிரித்தேன்.

ஓசூரிலேயே ஒரு டாக்டரிடம் போனார்கள். அவர் தடவிப் பார்த்துவிட்டு, இப்போதைக்குப் பயப்பட ஒன்றும் இல்லை, வளர்கிறதா என்று கவனியுங்கள், இருந்தாலும் ஊசியால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துச் சோதித்துவிடுவது நல்லது என்று சொல்லி, பெங்களூரில் ஒரு லேபின் பெயர் அச்சடித்த சீட்டைக் கொடுத்தார். அந்த அச்சடித்த பெயர்தான் வினையாயிற்று. "சீட்டு அடிச்சே வெச்சிருக்கான் பாத்தியா. தலைக்கு இவ்வளவுன்னு இவனுக்கு வரும்" என்றார் அத்தான். டாக்டர் சொன்ன இரண்டு பாதியில் முதல் பாதியை எடுத்துக்கொண்டார். வளர்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுதானே அவர் தொழில்.

அடுத்த ஞாயிறு தொடங்கியது. அக்கா எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் முகத்தைத் தூக்கி உட்காருவாள். அத்தான் பெட்டியைத் திறந்து வெர்னியரை எடுப்பார். முதல் வாரம் அது கழுத்தில் பட்டதும் அக்கா ஜில்லென்று துள்ளிவிட்டாள். அதன்பிறகு அளப்பதற்கு முன் தாடை இரண்டையும் உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கிக்கொண்டார். கைச்சூடு பட்டால் அளவு மாறும் என்று சோதனை அறையில் எங்களை அந்தக் கத்து கத்துகிற மனிதர். அவருக்கு அக்கா மேல் பிரியம் இல்லை என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். பிரியம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

நான் நோட்டும் கையுமாக எதிரே உட்காருவேன். கம்பெனி ரிப்போர்ட் மாதிரியே கட்டம் போட்ட நோட்டு. தேதி, மில்லிமீட்டரில் அளவு, குறிப்பு. பக்கத்தைத் திருப்பி, "போன வாரம் இருபத்திரெண்டு புள்ளி நாலு" என்பேன். அவர் குனிந்து, அளந்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "இருபத்திரெண்டு புள்ளி மூணு" என்பார். நான் எழுதுவேன். அக்கா, "எவ்வளவு வந்துச்சு?" என்று கேட்பாள். "கூடல" என்பார் அவர். மூன்று பேருக்கும் நிம்மதியாகிவிடும். பிறகு நான் போய்க் கறி வாங்கி வருவேன். ஞாயிற்றுக்கிழமை அளவு முடிந்த பின்தான் எங்கள் வீட்டில் கறி.

கட்டி இரும்பு உருண்டை அல்ல. அது சதைக்குள் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதை அளக்கிறவன் கைதான் முடிவு செய்ய வேண்டும். கொஞ்சம் இறுக்கினால் ஓரம் உள்ளே போய்விடும். இது எனக்குத் தெரியாதா? அவருக்குத்தான் தெரியாதா? சதையை எட்டு மாதம் அளந்தால் எண் தாறுமாறாகக் குதிக்க வேண்டும். எங்கள் நோட்டில் இருபத்திரண்டுக்கும் இருபத்திமூன்றுக்கும் நடுவே சாதுவாக நின்றது. கம்பெனியில் யாராவது இப்படி ஒரு ரிப்போர்ட் கொண்டுவந்திருந்தால், அளக்காமல் உட்கார்ந்த இடத்திலேயே எழுதினாயா என்று கேட்டு முகத்தில் விட்டெறிந்திருப்போம்.

நாலாம் மாதம் அக்காவின் குரல் கம்மியது. முதலில் காலையில் மட்டும். பிறகு நாள் முழுவதும். காற்று மட்டும் வருகிற மாதிரி ஒரு பேச்சு. பால்கனியிலிருந்து பஸ்ஸை நிறுத்தக் கை தட்ட ஆரம்பித்தாள். கண்டக்டர் என்னிடம், "என்னம்மா, ஹாரன் ரிப்பேருங்களா?" என்று கேட்டார். வீட்டில் கேட்டபோது அத்தான், "ஓசூர்ப் பனி. நம்ம ஊரு ஒடம்புக்கு ஒத்துக்காது" என்றார். கயிறு கட்டிய நாத்தனாரைப் பற்றி அத்தனை கேள்வி கேட்டவர். பனிதான் காரணம் என்பதற்கு என்ன ஆதாரம், அதே பனியில் இருக்கிற எனக்கு ஏன் குரல் கம்மவில்லை என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. குரலுக்கு நோட்டில் கட்டம் இல்லை.

வீட்டுக்கார அம்மா மகளின் பிரசவத்துக்காக மாலூர் போய் ஐந்தாறு மாதம் அங்கேயே இருந்துவிட்டார். திரும்பி வந்த அன்று மாடிக்கு ஏறி வந்து, அக்காவைப் பார்த்த மாத்திரத்தில் தலையில் கை வைத்துக்கொண்டார். "அய்யய்யோ, என்னாம்மா இது? நான் போம்போது கோலிகுண்டாட்டம் இருந்துச்சு. இப்போ எலுமிச்சங்கா அளவு இருக்குதே! யாரும் பாக்கலியா?"

"அம்மா, கண்ணு ஏமாத்தும். வாராவாரம் அளந்துட்டுத்தான் இருக்கோம். நோட்டு இருக்கு" என்றார் அத்தான்.

"நோட்டு என்னாத்துக்கு சார், கழுத்த பாருங்க" என்றார் அந்த அம்மா. "பூசாரிகிட்ட போவ வேணாம். வுடுங்க. பெரிய ஆஸ்பத்திரிக்காவது இட்டுனு போங்க."

தினமும் பார்க்கிறவர்களுக்குத் தெரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் சொன்ன பிறகும் நாங்கள் போகவில்லை. மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் நோட்டில் எழுதியிருக்கிறது. பிறகு ஒரு நாள் மத்தியானம் ரசஞ்சோறு தொண்டையில் சிக்கி, மூச்சுத் திணறி, கண் செருகி அக்கா விழுந்தபோதுதான் பெங்களூருக்கு வண்டி பிடித்தோம்.

அங்கே ஸ்கேன் பார்த்துவிட்டு முப்பத்தைந்து மில்லிமீட்டருக்கு மேல் என்றார்கள். வெளியே தெரிவது பாதிதான், மீதி உள்பக்கமாக மூச்சுக்குழாயைப் பிடித்துவிட்டது, குரல் நரம்பு போய்விட்டது. புற்று. அத்தான் பையிலிருந்து நோட்டை எடுத்து அந்த டாக்டரிடம் நீட்டினார். "எட்டு மாச ரீடிங் சார். ஒரு வாரம்கூட விடல." டாக்டர் இளவயதுக்காரர், தமிழ் கொஞ்சம் தெரியும். இரண்டு பக்கம் திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நோட்டை மூடி, மெதுவாக அத்தான் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். "வாய்ஸ் எப்போ போச்சு?" என்று மட்டும் கேட்டார். இரண்டு பேருக்கும் தேதி தெரியவில்லை. அக்கா கையால் நாலு விரலைக் காட்டினாள், நாலு மாதம் என்று. அவளுக்குத் தெரிந்திருந்தது. அவளைத்தான் யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வருடம் இருந்தாள். அதை எழுத எனக்குத் தெம்பு இல்லை.

ஊரிலிருந்து வந்தவர்கள் சாமி கும்பிடாத வீடு என்றார்கள், குலதெய்வத்தின் கோபம் என்றார்கள். அவர்களை நான் மன்னிக்கவில்லை. அந்தக் கயிறு கட்டியிருந்தாலும் அவள் செத்துத்தான் இருப்பாள். ஊசி குத்திப் பார்த்திருந்தால் பிழைத்திருப்பாள். அத்தான் சந்தேகப்பட்டதில் தப்பில்லை. தனக்குப் பிடிக்காததை மட்டும் சந்தேகப்பட்டார். நல்ல எண் வந்தபோது அதைக் கேள்வி கேட்க அவருக்கு மனம் வரவில்லை. இதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட வேண்டும், பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்று காத்திருந்தேன்.

அதற்குள் அவர் முந்திக்கொண்டார். எல்லோரும் ஊருக்குக் கிளம்பிப் போன மறுநாள் காலை, அந்த ஜன்னலோர நாற்காலியில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சவரம் செய்யாத முகம். என்னை நிமிர்ந்து பார்த்து, சாதாரணமாக, வேலையில் கேட்கிற மாதிரியே கேட்டார்.

"நீ ஏன் ஒவ்வொரு தடவயும் போன வாரத்து ரீடிங்க மொதல்ல படிச்ச?"

நோட்டைத் திறந்து என் கையெழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"அளக்குதவங்கிட்ட முந்தின அளவச் சொல்லக் கூடாதுன்னு செவத்துல எழுதியிருக்கு. ஒனக்குத் தெரியும். பொறவு ஏன் படிச்ச?"

அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டேன். அந்த வீட்டையும் விட்டேன். அக்காவைத் தின்ற பழியை என் தலையில் இறக்கி வைக்கிறானே மனிதன் என்று வெந்தேன். பல வருடம் ஊர்க்காரர்களிடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர் வேலையிலிருந்து நின்று சங்கரன்கோவிலுக்கே திரும்பியபோது, கம்பெனி நண்பர் ஒருவர் மூலம் இந்த வெர்னியரை எனக்குக் கொடுத்தனுப்பினார். கடிதம் எதுவும் இல்லை. நோட்டை அவரே வைத்துக்கொண்டார்.

இப்போது பர்கூர் பக்கம் ஒரு கல்லூரியில் அளவியல் கூடத்தைப் பார்த்துக்கொள்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு நாள், ஒரு துண்டு ஸ்பாஞ்சை மாணவர்களிடம் கொடுத்து அளக்கச் சொன்னேன். பாதிப் பேரிடம் ஒன்றும் சொல்லவில்லை. மீதிப் பேரிடம், போன பேட்ச்சுக்கு இவ்வளவு வந்தது என்று ஒரு எண்ணைச் சொன்னேன். அது நானாக இட்டுக்கட்டிய எண். எண்ணைக் கேட்காதவர்களின் அளவு கண்டபடி சிதறியது. கேட்டவர்களுக்கு ஏறக்குறைய என் பொய்தான் வந்தது. யாரும் ஏமாற்றவில்லை. சத்தியமாக அளந்தார்கள். அன்றைக்கு அத்தானுக்குப் போன் போட எண்ணைத் தேடி எடுத்தேன். நீங்கள் கேட்டது சரிதான் என்று சொல்ல வேண்டும். அன்றைக்குக் காந்தக் காப்புக்காரனுக்கு நீங்கள் காட்டிய இரக்கத்தை நாம் ஒருவருக்கொருவர் காட்டவில்லையே என்று கேட்க வேண்டும். போடவில்லை. போட்டால் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கும். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஆறாவது மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அளவு முடிந்து அத்தான் பெட்டியை மூடி வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தார். நான் கறிக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தேன். அக்கா பக்கத்தில் வந்து நின்றாள். கழுத்தில் தாடை பதிந்த இடம் இரண்டு கோடாகச் சிவந்திருந்தது. அந்தக் காற்றுக் குரலில், மிக்ஸி சத்தத்துக்கு நடுவே, "ஏட்டி, அவுக இப்பம்லாம் ரொம்ப அமுக்குதாக. வலிக்கி" என்றாள்.

நான் மிக்ஸியை நிறுத்தவில்லை. "நீ ஆடாம அசையாம இரு. அப்பத்தான் அளவு சரியா வரும்" என்றேன்.

அவள் சரி என்று தலையாட்டினாள். அடுத்த ஞாயிறு அப்படியே ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு புள்ளி நாலு வந்தது. நான்தான் எழுதினேன்.

இன்று காலையும் வெர்னியரைத் துடைத்து மூடிப் பார்த்தேன். பூஜ்ஜியம் பூஜ்ஜியத்தில்தான் நிற்கிறது.